சட்டகத்துக்குள் ஒரு பறவை: புளியஞ்சோலைப் படங்களும் திருத்தத்தின் எல்லையும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் துறையூர்ப் பகுதியில், கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கும் புளியஞ்சோலை, மலைமேல் ஆகாய கங்கையாக விழும் ஐயாறு பாறைகளுக்கிடையே சமவெளிக்கு இறங்கிவரும் இடமாகும். பறவைகளைப் படமெடுக்க வருவோருக்கு இத்தகைய ஓடைக்கரைச் சோலை பெருவிருந்தாகவும் கடுஞ்சோதனையாகவும் அமைகிறது. இலைக்கூரையின் இடுக்குகளில் வழியும் வெயில் ஒரு கிளையைச் சுட்டெரிப்பதுபோல் ஒளிரச்செய்ய, அடுத்த கிளை இருளில் மூழ்கிக் கிடக்கிறது. சிறு பறவையோ ஓரிடத்தில் இரண்டு நொடி தங்குவதே அரிது. ஆகவே இங்கு எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை, பரந்த பசுமைக்கு நடுவே ஒரு சிறு புள்ளியாகப் பறவை அமர்ந்திருக்கும் படங்களாகவே அமைகின்றன. அப்புள்ளியைப் பார்ப்பவரின் கண்ணுக்கு உரிய முறையில் கொண்டுசேர்க்கும் பணியே வெட்டுதலும் பிந்தைய திருத்தமும் ஆகும்.

இப்பணி கணினியோடு பிறந்ததன்று. படச்சுருள் காலத்திலேயே, இருட்டறையில் எதிர்ப்படத்தின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி அச்சிடுவதும், தாளின் ஓரிடத்தில் ஒளி விழாமல் கையால் மறைத்து அவ்விடத்தை வெளிறச்செய்வதும், வேறோரிடத்தில் கூடுதல் ஒளி பாய்ச்சிக் கருமையாக்குவதும் வழக்கமாக இருந்தன. கானுயிர் எழுத்தாளரும் ஒளிப்படக் கலைஞருமான மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே தம் ஆற்றலைக் காட்டியவர். வண்ணத்தின் துணையில்லாத அத்தகைய படத்தில் உயிரினத்தின் வடிவமும், அதன்மேல் விழும் ஒளியும், அதைச் சூழ்ந்த வெளியும் மட்டுமே பேசவேண்டியிருப்பதால், சட்டகத்தின் ஓரங்களை எங்கே நிறுத்துவது என்ற முடிவு அங்கே தனி எடை பெறுகிறது.

சட்டகம் என்பது படத்தின் நான்கு எல்லைகளையும் குறிக்கும். ‘கிராப்’ எனப்படும் வெட்டுதல் அவ்வெல்லைகளை உள்நோக்கி நகர்த்துவதாகும். எவ்வளவு நகர்த்தலாம் என்பதற்குப் பறவையின் உருவமே முதல் அளவுகோல். அரசவால் ஈபிடிப்பானின் ஆண் பறவைக்கு உடலைவிட நீண்ட நாடா போன்ற வால் இருப்பதால், முகத்தைப் பெரிதாக்கும் ஆசையில் வால்நுனியை வெட்டிவிட்டால் அப்பறவையின் தனிச்சிறப்பே போய்விடும். அதற்கு நெட்டுவாக்கிலான சட்டகமே பெரும்பாலும் பொருந்தும். ஓடைப்பாறையில் நிற்கும் வாலாட்டிக்கோ, அது நோக்கும் திசையில் சற்றுக் கூடுதல் வெளி விடப்படவேண்டும். காலடியில் உள்ள ஈரப்பாறையும் நீர்த்துளிகளும் அதன் வாழிடத்தைச் சொல்வதால் அவற்றை வெட்டியெறிவது பொருளை வெட்டியெறிவதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் அளவுகோல் கணக்கு சார்ந்தது. எண்ணிமப் படம் ‘பிக்சல்’ எனப்படும் படப்புள்ளிகளால் ஆனது. 6000 புள்ளி அகலமும் 4000 புள்ளி உயரமும் கொண்ட படத்தில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. இரு பக்கங்களையும் பாதியாக வெட்டினால் எஞ்சுவது பாதியன்று, கால் பங்காகிய 60 இலட்சமே. பக்கங்களைக் கால் அளவாகக் குறைத்தால் 15 இலட்சம் மட்டுமே மிஞ்சும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சு வழக்கின்படி, 20 அங்குல அகலத்தில் அச்சிடத்தக்க முழுப்படம் முதல் வெட்டில் 10 அங்குலத்துக்கும் அடுத்ததில் 5 அங்குலத்துக்கும் சுருங்கிவிடுகிறது. விக்கிமீடியா பொதுவகத்தில் தரமான படமாகத் தேர்வுபெறக் குறைந்தது 20 இலட்சம் புள்ளிகள் வேண்டும் என்பதை நினைத்தால், அளவு மீறிய வெட்டு எதை இழக்கச்செய்கிறது என்பது விளங்கும். வெட்டுதல் பறவையைப் பெரிதாகக் காட்டுமே தவிர, ஒளிப்படக்கருவி பதிவுசெய்யாத இறகு ஒன்றைக்கூட உண்டாக்காது.

வெட்டியபின் கண்ணில் படுவது ‘நாய்ஸ்’ எனப்படும் மணல்பரவல். சோலை நிழலில் பறவையின் அசைவை நிறுத்த நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய நேரமே ஒளியை உள்ளே விட முடிவதால், ஐஎஸ்ஓ எனும் உணர்திறன் எண்ணை உயர்த்தவேண்டியிருக்கிறது. அவ்வாறு உயர்த்துவது ஒளியைக் கூட்டாமல், கிடைத்த சிறிதளவு ஒளியின் பதிவைக் குறைகளோடு சேர்த்துப் பெருக்கிக் காட்டுகிறது. மென்பொருளால் இப்பரவலைத் துடைக்கும்போது மங்கலான பின்புலத்தில் அழுத்தமாகவும், இறகுகளின் மேல் மென்மையாகவும் துடைப்பதே முறை. எங்கும் ஒரேயளவில் துடைத்தால் இறகுகள் மெழுகு பூசியவைபோல் ஆகிவிடும். கூர்மையாக்கம் என்பது விளிம்புகளின் இருபுறமும் உள்ள ஒளி வேறுபாட்டைக் கூட்டுவதே ஆதலால், அது மிகுந்தால் பறவையைச் சுற்றி வெண்கோடு ஒன்று படர்ந்து, ஒட்டிவைத்த உருவம்போல் தோன்றச்செய்யும்.

நிறத்தில் இன்னும் கவனம் தேவைப்படுகிறது. இலைகளினூடே வடிந்துவரும் ஒளி பச்சைச் சாயல் ஏறியது. வெள்ளைப் பொருள் வெள்ளையாகவே தோன்றுமாறு அச்சாயலை நீக்கும் திருத்தம் ‘ஒயிட் பேலன்ஸ்’ எனப்படும் வெண்சமன் ஆகும். இதைச் செய்யாவிடில் மாம்பழச்சிட்டின் மஞ்சள் இலைநிறத்தில் கரைந்துபோகும். இதைச் செய்தபின்னும் நிறச்செறிவை ஏற்றிக்கொண்டே போனால், குளிர்காலத்தில் வலசை வரும் இலைக்கதிர்க்குருவிகளின் சிறகுப் பட்டை, புருவக்கோடு முதலிய நுண்ணிய அடையாளங்கள் மாறித் தோன்றி, இனம் காண்போரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். வெண்மார்பு மீன்கொத்தியின் நீலம் நீல நிறமியால் விளையாமல், இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. ஆகவே ஒளியும் கோணமும் மாற அதன் தோற்றமும் சற்று மாறுகிறது என்பதை உணர்ந்தவர், அந்நீலத்தைத் தம் விருப்பப்படி ஆழமாக்கத் தயங்குவார்.

இத்திருத்தங்களுக்கு இடம் தருவது ‘ரா’ எனப்படும் மூலக்கோப்பு. வழக்கமான ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 ஒளிநிலைகளை மட்டுமே வைத்துக்கொள்ள, 14 பிட் மூலக்கோப்பு 16,384 நிலைகளைக் காக்கிறது. வெண்ணிற அரசவால் ஈபிடிப்பானின் கருந்தலையும் வெள்ளுடலும் ஒரே படத்தில் விவரம் கெடாமல் நிற்க இந்த வளம் கைகொடுக்கிறது; எனினும் அளவு மீறிய ஒளியால் முற்றும் வெளுத்துப்போன இறகை எந்தக் கோப்பாலும் மீட்க இயலாது. டார்க்டேபிள், கிம்ப் போன்ற மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைப்பதால், இக்கல்விக்குப் பணம் தடையாக இருப்பதில்லை.

திருத்தம் எங்கே நிற்கவேண்டும் என்பதே இதில் தலையாய வினா. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டின் கானுயிர் ஒளிப்படக் கலைஞர் போட்டி, வெட்டுதலையும் ஒளிநிலைத் திருத்தத்தையும் ஏற்கிறது; படத்தில் இல்லாததைச் சேர்ப்பதையும் இருப்பதை நீக்குவதையும் ஏற்பதில்லை; மூலக்கோப்பைக் கேட்டுச் சரிபார்க்கவும் செய்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மங்கிய இடத்தில் இறகுகளை ஊகித்து வரையும் இக்காலத்தில் இவ்வரம்பின் தேவை பெருகியிருக்கிறது. ஏனெனில் பறவைப் படம் அழகுப் பொருளாக இருப்பதோடு, இன்ன பறவை இன்ன நாளில் இன்ன ஓடைக்கரையில் இருந்தது என்பதற்குச் சான்றாகவும் நிற்கிறது.

வெட்டுதலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. படத்தைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம் என்று அறிந்தவர், கூட்டை நெருங்கித் தாய்ப்பறவையை வெருட்டவோ, மறைக்கும் கிளையை ஒடிக்கவோ வேண்டியதில்லை. சில இலட்சம் படப்புள்ளிகளை இழக்க ஒப்புக்கொள்வதன் வழியே அவர் பறவைக்கு அதன் தொலைவை விட்டுவைக்கிறார். புளியஞ்சோலையின் ஓடைக்கரையில் ஒரு வாலாட்டி, தான் படமானதை அறியாமலே தன் பாறையில் இரைதேடிக் கொண்டிருக்குமானால், அந்தப் படத்தின் முதல் திருத்தம் கணினிக்கு வருமுன்னரே செம்மையாக முடிந்துவிட்டது எனலாம்.