பழைய வேலையை உடம்பு மறக்காது

தெற்குக் கேரளத்தின் கள்ளிக்காடு, பாறசாலை, நெய்யாற்றங்கரைப் பக்கத்தில் நாற்பதைத் தாண்டிய ஆண்களில் ஒரே தொழிலில் நிலைத்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இளமையில் ரப்பர் பால்வெட்டு, பிறகு வளைகுடாவில் கட்டட வேலை, திரும்பி வந்து ஆட்டோ என்று போகும் பலரின் பிழைப்பு. 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. வெட்டுக்கத்தியை வைத்துவிட்டு வேறு வழி பார்க்கத் தூண்டிய காரணங்களில் அதுவும் ஒன்று.

வேலை மாறும்போது கூலியையும் கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் கணக்குப் பார்க்கிறோம். இதுவரை செய்த வேலை உடம்பை என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. புதிய வேலைக்கும் அதே முதுகோடும் அதே நுரையீரலோடும்தான் போகிறோம்.

யாரும் கேட்காத கேள்வி

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு, என்ன தொழில் செய்கிறார் என்பதையும் கேளுங்கள் என்று மற்ற மருத்துவர்களை வற்புறுத்தியவர் அவர். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் இன்றும் அந்தக் கேள்விக்கு நேரம் கிடைப்பது அரிது. கேட்டாலும் இப்போதைய வேலையைத்தான் கேட்பார்கள். பதினைந்து வருஷத்துக்கு முந்தியதை நாமாகத்தான் சொல்ல வேண்டும்.

பால்வெட்டும் தறியும்

வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். அதனால் வெட்டுக்காரரின் நாள் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. ஒருவர் பங்குக்குச் சுமார் 300 மரம்; ஒவ்வொன்றிலும் குனிந்து, கழுத்தைச் சாய்த்து, மணிக்கட்டைத் திருப்பி ஒரே அசைவு. பிறகு பாலைச் சேர்த்து வாளியோடு சரிவில் இறங்க வேண்டும். இப்படிப் பல வருஷம் உழைத்த இடுப்பு, ஆட்டோவில் நாள் முழுக்க உட்கார்ந்து குலுங்குவதைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்பணம் கட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை.

பாலராமபுரத்துக் குழித்தறிக்காரர்களுக்கு முழங்காலும் கண்ணும் கவனிக்க வேண்டியவை. நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் உள்ளவை மங்கித் தெரிவது இயல்பு. ஒரு கண்ணாடியில் தீரும் குறைக்காகக் கைத்தொழிலையே விடுவது பெரும் இழப்பு.

தூசு போனாலும் நோய் போகாது

குவாரி, கல் அறுப்பு, கிரானைட், டைல்ஸ் வெட்டும் வேலை பார்த்தவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். கல்லில் உள்ள சிலிக்கா நுண்தூசாக நுரையீரலுக்குள் போய் அங்கேயே தங்கிவிடுகிறது. அதைச் சுற்றித் தழும்பு விழுந்து நுரையீரல் இறுகும் நோய்தான் சிலிக்கோசிஸ். வேலையை விட்டுப் பத்து, இருபது வருஷம் கழித்தும் அது வெளிப்படலாம். தூசே இல்லாத இடத்துக்கு வந்த பிறகும் முற்றலாம். காசநோய் தொற்றும் ஆபத்தையும் கூட்டும். விழுந்த தழும்பை மாற்ற மருந்து கிடையாது.

மேடேறும்போது மூச்சு வாங்கினால் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். கல்வேலை பார்த்தவர் என்று மருத்துவரிடம் சொன்னால் மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் எழுதித் தருவார். அந்த முடிவைப் பார்க்காமல் மாவு மில்லுக்கோ மர அறுவைக்கோ போவது தவறு. பீடி பிடிப்பவரானால் முதலில் மாற்ற வேண்டியது பீடியைத்தான்.

கல்லுடைக்கும் இரைச்சல் காதையும் கெடுக்கும்; போன செவித்திறன் திரும்பாது. கூட்டத்தில் பேச்சு பிடிபடவில்லை என்றால் வண்டி ஓட்டும் வேலைக்குமுன் செவிச்சோதனை அவசியம்.

வெயிலும் வலி மாத்திரையும்

வளைகுடா வெயிலில், தண்ணீர் போதாமல் வருஷக்கணக்கில் உழைத்தவர்களின் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகலாம். உடம்புவலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கியிருந்தால் கேடு இன்னும் அதிகம். ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கூடவே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவை எளிய சோதனைகள். ஊருக்குத் திரும்பிய பிறகு அடுப்படியிலே நிற்கும் ஹோட்டல் தொழில் தொடங்குவதற்குமுன் செய்துகொள்வது நல்லது.

அலுப்பா, வேலையா?

தூக்கம் கெட்டவருக்கு எந்த வேலையும் வெறுத்துப்போகும். வேலையை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் எப்போதிலிருந்து என்று யோசியுங்கள். ஒரு சாவுக்கோ கடனுக்கோ பிறகு வந்ததா, பல வருஷமாக இருப்பதா? முன்பு வேலை மாறியபோதும் சில மாதங்களில் இதே வெறுப்பு வந்ததென்றால், காரணம் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் இலவசமாகப் பேசலாம். குடி கூடியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு தாளில் எழுதுங்கள்

எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எங்கே, என்ன வேலை. தூசு, சத்தம், வெயில், ஆசிட், இரவு வேலை இவற்றில் எது இருந்தது. எந்த வலி எப்போது தொடங்கியது என்று எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். வீட்டுப் பெண்களின் வேலையையும் இப்படி எழுத வேண்டும். முந்திரி ஆலையில் நாள் முழுக்க உட்கார்ந்ததும் ஊரக வேலை உறுதித் திட்டப் பணியில் மண் சுமந்ததும் உடம்பில் பதிந்தவைதான்.

பழைய கூலிச்சீட்டு, கம்பெனி அடையாள அட்டை ஆகியவற்றையும் எறிந்துவிடாதீர்கள். சிலிக்கோசிஸும் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் நம் நாட்டுச் சட்டத்தில் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்கள். இங்கே வேலை பார்த்தபோது வந்த நோய்க்கு இழப்பீடு கேட்கும்போது, எந்த ஆண்டு யாரிடம் வேலை செய்தோம் என்று காட்ட அந்தத் தாள்கள் வேண்டும்.