பணிப்பாளர் புகையிரதமும் அதன் மாதிரியுருவும்

புகையிரதக் கம்பனி ஒன்று தனக்கெனவே ஓட்டும் வண்டித்தொடர் ஒன்றுண்டு. அதற்குப் பயணச்சீட்டு விற்பதில்லை. அதிற் சரக்கு ஏற்றுவதில்லை. நேர அட்டவணையிலும் அதற்கு இடமில்லை. கம்பனியின் தலைவரும் பணிப்பாளரும் பொறியியலாளரும் தாம் ஆளும் பாதையைத் தாமே கண்டு வருதற்கும், பெருவணிகரை விருந்தினராக அழைத்துச் செல்லுதற்கும் அஃது ஓடும். ஐக்கிய அமெரிக்க நாடுகளில் இதனை அலுவலக வண்டிகளின் விசேட தொடர் என வழங்குவர். ஈண்டு இதனைப் பணிப்பாளர் புகையிரதம் என்றே குறிப்பாம். மாதிரிப் புகையிரதம் அமைப்போர் பலர் இதனை விரும்பித் தொடங்குகின்றனர். தொடங்கியோருட் பலர் உண்மையிலே என்றும் ஓடியிராத ஒரு வண்டித்தொடரை அமைத்துவிடுகின்றனர். இவ்விரண்டும் ஏன் நிகழ்கின்றன என்பதை அறிந்துகொண்டால் அமைக்கும் முறை தானே விளங்கும்.

1971ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி ஆம்ற்றாக் என்னும் பொது நிறுவனம் அந்நாட்டின் நெடுந்தூரப் பயணிகள் சேவையிற் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டது. அதனோடு பெரும் புகையிரதக் கம்பனிகள் பலவும் பயணிகளைச் சுமக்கும் பொறுப்பினின்று நீங்கின. அவற்றின் பளபளக்கும் வண்டிகளுட் சில ஆம்ற்றாக்கிற்குச் சென்றன, சில விற்கப்பட்டன, பல பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. எஞ்சிய சிலவற்றைக் கம்பனிகள் தம் அலுவலுக்கென வைத்துக்கொண்டன. ஆதலின் இன்று பணிப்பாளர் புகையிரதமாக ஓடுவது, பெரும்பாலும் முற்காலப் பயணிகள் சேவையின் எச்சமே. வெளித்தோற்றம் 1950ஆம் ஆண்டுகளுக்குரியது. உள்ளே குளிரூட்டியும் கணினியும் கூட்ட மேசையும் இக்காலத்தவை.

மாதிரியமைப்போரின் விருப்பத்திற்குக் காரணம் இதுவே. தம் மேசையில் இக்காலத்துச் சரக்குப் புகையிரதங்களை ஓட்டுவோர், குவிமாட வண்டியையும் மூக்கு வளைந்த பழைய டீசல் எஞ்சினையும் காலவழு நேராமல் ஓட்டுதற்கு இது தக்க நியாயம் தருகிறது. பிழைக்குங் காரணம் இதுவே. பழைய வண்டிகள் எல்லாம் இதிற் பொருந்தும் எனக் கருதிக் கையிற் கிடைத்தவற்றையெல்லாம் கோத்துவிடுகின்றனர். பணிப்பாளர் புகையிரதமோ அவ்வாறு கலந்து கட்டியதன்று. அதன் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தொழில் உண்டு. பெயரும் இலக்கமும் உண்டு. கம்பனியிடம் வந்த ஆண்டும் நீங்கிய ஆண்டும் உண்டு.

எடுத்துக்காட்டாக, ஒமாகா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட யூனியன் பசிபிக் கம்பனியின் தொடரை நோக்குவாம். இதன் முன்னே நெடுங்காலம் நின்றவை ஈ-9 என்னும் வகையைச் சேர்ந்த மூன்று டீசல் எஞ்சின்கள். 949, 951 என்பன ஓட்டுநர் அறையுடையன; 963பீ என்பது அவ்வறை இல்லாதது. மூன்றும் 1955இற் செய்யப்பட்டவை, 1993இற் புதுப்பிக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் முதலில் இருந்த பன்னிரு உருளைப் பொறிகள் இரண்டையும் அகற்றிப் பதினாறு உருளைப் பொறி ஒன்றை அப்போது வைத்தனர். இவ்வெஞ்சினின் போகி ஒவ்வொன்றிலும் மூன்று அச்சுக்கள் உள. அவற்றுள் நடு அச்சு பாரத்தைத் தாங்குவதன்றி இழுப்பதில்லை. மாதிரியுருவிற் பார்ப்பதற்கு இவ்வேறுபாடு தெரியாதாயினும், ஆறு சக்கரப் போகி குறுகிய வளைவில் இடர்ப்படும் என்பதை மறத்தலாகாது.

வண்டிகளின் பெயர்கள் ஒரு சரித்திரத்தைச் சொல்லுவன. ‘சிற்றி ஒவ் போட்லண்ட்’ என்பது குவிமாட உணவு வண்டி. இப்பெயர் 1935இல் ஓடத் தொடங்கிய ஒரு பயணிகள் புகையிரதத்தின் பெயர். ‘ஹரிமன்’ என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கம்பனியைக் கைக்கொண்டு அதனைத் திருத்தியமைத்த எட்வேட் ஹரிமனின் பெயர் கொண்ட குவிமாட வண்டி. ‘கெனெஃபிக்’ என்பது பிற்காலத் தலைவர் ஒருவரின் பெயர் பூண்ட அலுவலக வண்டி. ஓடாது நின்ற சேவைகளையும் மறைந்த தலைவர்களையும் வண்டிப் பக்கத்தில் எழுதிவைத்து நாடெங்கும் இழுத்துச் செல்லுதல் அழகிய வழக்கமேயாம். ஆயின் மாதிரியமைப்போனுக்கு இதனால் ஒரு கடமை நேருகிறது. எழுத்து ஒட்டப்பட்ட வண்டி இன்ன வண்டி என்று காண்போர் அறிந்துகொள்வர். அதற்குச் சாளரம் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அதனையும் அறிந்துகொள்வர்.

இனி, வண்டிகளை நிறுத்தும் ஒழுங்கு. எஞ்சினுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் மின்சாரம் ஆக்கும் வண்டி. விளக்கு, குளிர், சமையல் ஆகிய அனைத்தும் அதனையே சார்ந்தன. அதனையடுத்துப் பயணப்பொதி வண்டியும், பணியாளர் உறங்கும் வண்டியும் வரும். இரைச்சலும் புகையும் முன்புறத்துக்கு உரியன. ஆகலின் விருந்தினர் பின்னே இருப்பர். அவர்க்குரிய படுக்கை வண்டிகள், உணவு வண்டி, குவிமாட வண்டி ஆகியன இடையில் நிற்கும். உணவு வண்டியைப் படுக்கை வண்டிகளுக்கும் இருக்கை வண்டிகளுக்கும் நடுவே வைத்தல் நன்று. எவரும் தொடரின் முழுநீளமும் நடந்து உணவுக்கு வரவேண்டிய நிலை ஏற்படாது. ஈற்றில் நிற்பதே தொடரின் உயிர். சில கம்பனிகள் அங்கே திறந்த முகப்புடைய அலுவலக வண்டியை நிறுத்தும். சில, அரங்க வண்டி எனப்படுவதை நிறுத்தும். அதன் பின்சுவர் பெரும்பாலுங் கண்ணாடி. நாற்காலிகள் நாடகக் கொட்டகையிற்போலப் படிப்படியாக உயர்ந்து பின்னோக்கி அமைந்திருக்கும். அங்கிருப்போர் தாம் கடந்து வந்த பாதையையே காண்பர். தண்டவாளம் நேராக உளதா, கல் நிரம்பியுளதா, கட்டை உக்கியுளதா என்பன அவர் கண்ணுக்குப் புலனாகும். இரவிலும் காணும்பொருட்டு வலிய விளக்குகளைப் பின்புறத்திற் பொருத்துவதுமுண்டு.

இத்தொடர் ஆடம்பரமே என்று குறைகூறுவாரும் உளர். அதில் உண்மையின்றாமல் இல்லை; வெள்ளித்தட்டில் உண்டுகொண்டு பாதையைப் பார்வையிடுதல் கடினமான வேலையன்று. எனினும் பாதையின் குறை தலைமை அலுவலகத்துக்கு எழுத்தாக வரும்போது இடையிலுள்ளோர் கைபட்டு மெலிந்தே வருகிறது. அரங்க வண்டியில் அமர்ந்திருப்பவனுக்கு அதனை எவரும் மெலிவித்துக் காட்ட முடியாது. நோபோக் சதேண் என்னும் கம்பனி, பழைய எஃப் வகை எஞ்சின்கள் நான்கைப் புதுப்பித்துக் கருமையும் பொன்னிறமும் தீட்டிப் பல ஆண்டு ஓட்டியபின், செலவு குறைக்குங் காலத்தில் விற்றுவிட்டது. அதனால் மிச்சமான பணத்தைக் கணக்கிடலாம். காணாது விட்டவற்றைக் கணக்கிடுவது எங்ஙனம்?

மாதிரியமைப்போன் முதலிற் செய்யவேண்டியது வண்டி வாங்குதலன்று. ஓர் ஆண்டைத் தெரிதல். தொடர் ஆண்டுக்காண்டு மாறும். யூனியன் பசிபிக் கம்பனி 2022இல் 3985ஆம் இலக்க நீராவி எஞ்சினையும் பயணிகள் வண்டிகள் சிலவற்றையும் ஒரு பாதுகாப்பு நிறுவனத்துக்கு நன்கொடையாக அளித்தது. அவ்வண்டிகளை இக்காலத் தொடரிற் கோத்தல் பிழையாகும். முற்காலத் தொடரிற் கோவாது விடுதலும் பிழையாகலாம். 2018ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 6ஆந் திகதியை ஒருவர் தெரிந்துகொள்ளலாம். அன்று முன்னாட் சனாதிபதி ஜோர்ஜ் எச். டபிள்யு. புஷ் அவர்களின் பூதவுடல் ரெக்சாஸ் மாநிலத்துச் சிப்றிங் என்னும் ஊரிலிருந்து கொலிஜ் ஸ்ரேசனுக்கு ஏறக்குறைய 70 மைல் புகையிரதத்திற் சென்றது. முன்னே நின்றது மஞ்சள் ஈ-9 அன்று. அவர் நாற்பத்தோராவது சனாதிபதி என்பதைக் குறித்து 2005இல் 4141 என இலக்கமிட்டு நீலமுஞ் சாம்பலுமாகத் தீட்டிய சரக்கு எஞ்சின். ‘கவுன்சில் புளப்ஸ்’ என்னும் பொதி வண்டியின் பக்கங்களில் ஒளிபுகும் பலகைகளைப் பொருத்தியிருந்தனர். பாதையருகே நின்ற மக்கள் பேழையைக் கண்டு வணங்குதற்காக. இவ்வொரு நாளைத் தெரிந்தால் எவ்வண்டி வேண்டும், எது வேண்டா என்னும் ஐயமெல்லாம் தீரும். ஆண்டைத் தெரியாதவன் கடைக்காரன் வைத்திருப்பதையே தெரிகிறான்.

அளவுத்திட்டம் பற்றிச் சிறிது. பெருவழக்கிலுள்ள எச்.ஓ. அளவு 87.1இல் ஒரு பங்கு. ஓர் அடிக்கு 3.5 மில்லிமீற்றர். தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். இது நாலடி எட்டரை அங்குலப் பாதைக்கே பொருந்தும். நமது நாட்டின் ஐந்தடி ஆறங்குலப் பாதையை இவ்வளவில் அமைக்க விரும்புவோர் 19.25 மில்லிமீற்றர் இடைவெளியுடைய பாதையைத் தாமே செய்துகொள்ளல் வேண்டும். இடவசதி குறைந்தோர் 160இல் ஒரு பங்கான என் அளவை மேற்கொள்வர். யூனியன் பசிபிக்கின் மரபு வண்டிகளை எச்.ஓ. அளவில் வோல்தர்ஸ் நிறுவனமும், என் அளவில் யப்பானியக் கட்டோ நிறுவனமும் வெளியிட்டுள்ளன.

பலர் இடறுவது வளைவிலேயாம். பயணிகள் வண்டி ஒன்றின் நீளம் 85 அடி, எச்.ஓ. அளவில் ஏறக்குறைய 297 மில்லிமீற்றர். இரு போகிகளின் நடுவிடைத் தூரம் 59½ அடி எனக் கொண்டால் மாதிரியில் 208 மில்லிமீற்றராகும். போகிகள் வளைவின்மீது நிற்க, அவற்றிடைப்பட்ட உடல் ஒரு நாணாக நேரே செல்லும். ஆகவே வண்டியின் நடுப்பகுதி வளைவின் உட்புறமாகவும், நுனிகள் வெளிப்புறமாகவும் விலகும். பெட்டியோடு விற்கப்படும் 18 அங்குல ஆரை வளைவில் நடு உட்புறமாக 12 மில்லிமீற்றரும், நுனி வெளிப்புறமாக அவ்வளவும் விலகும். வண்டியின் பாதி அகலமே 17½ மில்லிமீற்றர்தான். வளைவிற் புகும் வண்டியின் நுனி இவ்வாறு விலக, பின்வரும் வண்டி இன்னும் நேர்ப்பாதையில் நிற்குமாயின், கொளுக்கி பக்கவாட்டில் இழுபட்டுச் சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏறும். 30 அங்குல ஆரையில் இவ்விலகல் 7 மில்லிமீற்றர் அளவாகக் குறைகிறது, கண்ணுக்கும் இதமாகும். அங்கும் இரட்டைப் பாதைகளை இரண்டங்குல இடைவெளியில் வைத்தால், எதிரெதிர் வரும் வண்டிகளுக்கிடையே எஞ்சுவது ஒன்றரை மில்லிமீற்றர் அளவே. வளைவிற் பாதைகளைச் சிறிது அகற்றி வைத்தலே அறிவு. இடப்புற வளைவையடுத்து உடனே வலப்புற வளைவு வருமாயின் இடையே ஒரு வண்டி நீளமேனும் நேர்ப்பாதை இடுக.

நிறையுங் கவனித்தற்குரியது. 1935இல் தோன்றிய அமெரிக்க மாதிரிப் புகையிரதச் சங்கம், எச்.ஓ. வண்டிக்கு ஓர் அவுன்சும், நீளத்தின் ஒவ்வோரங்குலத்துக்கும் அரை அவுன்சும் இருத்தல் நன்றென விதந்துரைத்துள்ளது. இதன்படி நம் வண்டி 194 கிராம் இருத்தல் வேண்டும். நிறை குறைந்த வண்டியைத் தொடரின் முன்பகுதியில் வைத்தால் வளைவில் அதுவே முதலிற் சாயும். ஈயத்தையோ உருக்குத் தகட்டையோ தளத்தோடு ஒட்டுக. மேலே வைத்தால் வண்டி ஆடும். குவிமாட வண்டியில் இது மிகவும் வேண்டற்பாலது.

வண்டிக்குள் விளக்கேற்ற மின்னோட்டத்தைச் சக்கரத்தின் வழியே எடுப்பர். தண்டவாளத்தில் அழுக்குள்ள இடத்தில் விளக்கு இமைக்கும். மின்னேற்றத்தைச் சிறிது சேர்த்துவைக்கும் ஒடுக்கி ஒன்றை ஒவ்வொரு வண்டியிலும் இட்டால் இக்குறை நீங்கும். ஆயின் மின்னோட்டம் எடுக்கும் தகடு அச்சை அழுத்தினால் வண்டி உருளாது. பத்து வண்டிகளும் அவ்வாறாயின் எஞ்சின் மேட்டில் நின்றுவிடும். உணவு வண்டியில் மங்கிய மஞ்சள் ஒளியும், பணியாளர் வண்டியில் ஓரிரு சாளரத்தில் மட்டும் ஒளியும் இருத்தல் இயல்பு. எல்லாச் சாளரங்களும் ஒன்றுபோல் ஒளிர்ந்தால் அது கடைச்சாளரமாகிவிடும்.

வண்ணம் பற்றி ஒன்று. யூனியன் பசிபிக்கின் மஞ்சள் கருமையான அடித்தளத்தை மறைக்காது. முதலில் வெண்மை பூசி, மஞ்சளை மெல்லிய படலங்களாக ஏற்றி, நன்கு உலர்ந்தபின் அதனை மூடிவைத்துக் கூரைக்குச் சாம்பல்நிறம் பூசுக. இடையிலோடும் சிவப்புக் கோடு வண்டிக்கு வண்டி ஒரே உயரத்திற் செல்லல் வேண்டும். பத்து வண்டிகளையும் ஒரே நாளில் வரிசையாக நிறுத்திக் கோடு தீட்டினாலன்றி இது கைகூடாது. இப்புகையிரதத்தை எப்பொழுதுங் கழுவித் துடைத்தே ஓட்டுவர். ஆதலின் துருவும் புழுதியும் தீட்டும் வழக்கத்தைச் சரக்கு வண்டிகளோடு நிறுத்திக்கொள்ளுக. போகியிலும் அடித்தளத்திலும் சிறிது பழுப்புப் போதும்.

மணிக்கு 60 மைல் வேகம் எச்.ஓ. அளவிற் செக்கனுக்கு ஓரடி. மூன்று ஈ-9 எஞ்சின்களும் பத்து வண்டிகளும் கொண்ட தொடர் பன்னிரண்டடிக்கு மேல் நீளும். ஓரிடத்தைக் கடக்க அதற்குப் பன்னிரண்டு செக்கன் செல்லும். பாதை பார்வையிடும் பொழுது இதனினும் மெதுவாகவே செல்லும். ஒதுங்குபாதை எட்டடியே உடையோர் மனந்தளர வேண்டா. தலைவர் ஒருவரும் பொறியியலாளர் சிலரும் செல்லும் பயணத்துக்குச் சிறு தொடரே போதும். எஞ்சின் இரண்டு, மின்சார வண்டி, பணியாளர் வண்டி, படுக்கை வண்டி, உணவு வண்டி, ஈற்றில் அரங்க வண்டி: இவை ஆறரை அடியில் அடங்கும்.