பத்து மணிக்குள் ஒரு கொடை

ஆடி மாதத்தில் திருநெல்வேலிச் சீமையிலே விழுவது சாரல். மும்பையிலே விழுவது மழை. இந்த வித்தியாசத்தின் முழுக் கஷ்டத்தையும் அறிந்தவர் தாராவியில் பறை வாசிக்கிறவர்தாம். வேப்ப மரத்தில் வளைவாகச் செதுக்கிய மூன்று துண்டுகளை ஒன்றுசேர்த்து வட்டமாக்கி, புளியங்கொட்டைப் பசை தடவி, கன்றின் தோலை அதன்மேல் இழுத்து ஒட்டிச் செய்யும் அந்த வாத்தியம் ஈரத்தை உறிஞ்சிவிட்டால், எத்தனை கைதேர்ந்த ஆசான் அடித்தாலும் நாதம் உள்ளேயே அடங்கிப்போகும். ஊரிலே வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் காட்டி முறுக்கேற்றுவார்கள். இங்கேயோ, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய சந்திலே, தார்ப்பாயின் அடியில் பழைய செய்தித்தாளையும் அட்டைப்பெட்டியையும் எரித்துத் தோலை வாட்டவேண்டியிருக்கிறது. மழைக்கு அஞ்சாத செயற்கைத் தோல் இப்போது வந்துவிட்டது. ஓசை கணீரென்றுதான் கேட்கிறது. ஆயினும், அடித்து ஓய்ந்த பிறகும் காற்றில் நிற்கிற அந்தக் கார்வை அதில் இல்லையென்றே என் செவிக்குப் படுகிறது.

தாராவிக்கும் தோலுக்கும் உள்ள சம்பந்தம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, பம்பாயின் ஓரத்தில் சதுப்பு நிலமாய்க் கிடந்த அவ்விடத்திற்குத் தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்து குடியேறினார்கள். 1887-இல் தோன்றிய பெரிய மசூதியும், 1913-இல் எழுந்த கணேசர் கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் பழமைக்குச் சாட்சியாக இன்றும் நிற்கின்றன. பிழைப்பைத் தேடி வந்தவர்கள் தங்கள் தெய்வங்களையும் உடன் அழைத்து வந்தார்கள். அம்மனும் இசக்கியும் சுடலைமாடனும் வந்த இடத்தில், அவர்களுக்குரிய கொடையும் வந்தே தீரவேண்டும் அல்லவா? கொடை என்பது தென்பாண்டிச் சீமையில் கிராம தெய்வத்திற்கு எடுக்கும் திருவிழா. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வைத்து, வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுத்துக் கலைஞர்களை அமர்த்தி, தெய்வத்தின் கதையை அதன் சந்நிதியிலேயே பாடக் கேட்பது அதன் பிரதான அம்சம்.

அந்தக் கதையைச் சொல்லும் கலையே வில்லுப்பாட்டு. ஓராள் உயரத்திற்கும் அதிகமான வில்லை மண்குடத்தின்மேல் சாய்த்துக் கட்டி, மணிகளைக் கோத்து, அதன் நாணை இரண்டு வீசுகோல்களால் தட்டிக்கொண்டே தலைமைப் பாடகரான அண்ணாவி பாடுவார். பக்கத்திலே உடுக்கை, குடம், தாளம், கட்டை ஆகியவற்றை ஏந்தி அமர்ந்தவர்கள் அவர் விட்ட அடியை வாங்கிப் பாடுவதோடு, அவர் வசனத்திற்கு இறங்கும்போது 'ஆமா' போட்டுக் கதையை முன்னே தள்ளுவார்கள். கடவுளுக்குக் காப்பு, குரு வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம், அதன் பிறகே கதை, இறுதியில் வாழ்த்து என்று அதற்கு ஒரு கிரமம் உண்டு. சபா மேடையில் ராகத்தை விஸ்தரிக்கிற வித்வானுக்குள்ள சுதந்திரம் அண்ணாவிக்கும் உண்டு. ஆனால் வித்வானுக்கு இல்லாத ஒரு பொறுப்பும் அவருக்கு உண்டு. சாமியாடியின் உடலில் தெய்வம் இறங்கவேண்டிய கட்டம் வரும்போது, அவர் பாட்டும் உடுக்கையும் அதற்கேற்ற வேகத்தை எட்டியாக வேண்டும். எட்டாவிட்டால் குறை அவருடையதே.

இத்தகைய கலைக்கு நேரம் எவ்வளவு தேவைப்படும் என்பதை ஊரார் அறிவார்கள். மத்தியானக் கொடை என்றும் சாமக் கொடை என்றும் வகுத்து, அவற்றுள் நள்ளிரவில் நிகழும் சாமக் கொடையையே சிகரமாகக் கொள்வது சம்பிரதாயம். சுடலைமாடன் தீப்பந்தத்தோடு மயான வேட்டைக்குப் புறப்படுவதும் அந்த வேளையிலேதான். மும்பையில் இது எப்படி நடக்கும்? இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் இயற்றிய ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி முழங்கக் கூடாது. ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை விலக்களிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. எனினும் அந்த நாட்கள் கணேசோத்ஸவம், நவராத்திரி போன்ற பெருந்திருவிழாக்களுக்கே பெரும்பாலும் உரியவையாகிவிடுகின்றன. ஒரு சந்தின் சுடலைமாடன் அந்தக் கணக்கிலே எங்கே வரப்போகிறார்? ஆகவே சாமக் கொடையின் பாட்டும் பத்து மணிக்குள் அடங்கவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படுகிறது.

இந்தச் சட்டத்தை நான் குறை கூறவில்லை. பத்தடிக்குப் பத்தடி அறையிலே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், விடியற்காலை வேலைக்குப் போகவேண்டியவரும் அதே சந்தில்தான் இருக்கிறார்கள். என் வருத்தமெல்லாம், நேரம் சுருங்கும்போது எதை விடுவது என்ற தெரிவைப் பற்றியது. கதையை விடமுடியாது, காப்பை விடத் துணிவு வராது, ஆதலால் முதலில் கத்தரி படுவது நாட்டு வளத்தின்மேல்தான். ஊரில் அதை விட்டாலும் பாதகமில்லை, தாமிரபரணி கண்ணெதிரே ஓடுகிறது. தாமிரபரணியையே கண்டிராத, தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையே ஊரென்று வளர்ந்த குழந்தைகளுக்கு முன்னால் அதை விடுவது பெரிய நஷ்டம். கதையில் நாலு விருத்தம் குறைந்தாலும் குறையட்டும், அந்த ஆறு மட்டும் பாட்டிலே ஓடவேண்டும் என்று அண்ணாவிகளை மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

தாராவியிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் மாதுங்கா. 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபையின் புகழையும், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொஸைட்டியின் தொண்டையும் அறியாத சங்கீத ரசிகர் இந்நகரில் இருக்கமாட்டார். அங்கெல்லாம் கர்நாடக சங்கீதத்திற்கு வாய்த்த நிலைத்த அரங்கு, சந்தின் கலைக்கு வாய்க்கவில்லை. பொங்கல் விழா மேடைகளில் கரகத்திற்கும் பறைக்கும் பதினைந்து நிமிஷம் ஒதுக்குகிறார்கள், அதுவும் நல்லதே. வில்லிசைக்காகவே வாழ்ந்து 2022-இல் மறைந்த சுப்பு ஆறுமுகத்திற்கும், பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்ததில் எனக்கு அளவற்ற சந்தோஷம். என்றாலும் பதினைந்து நிமிஷத்தில் பறையின் அடிகளைக் காட்டலாம். ஒரு தெய்வத்தின் கதையைச் சொல்லிவிட முடியாது.

சந்தில் கதை பாடுவது இந்த நகரத்திற்கும் புதியதன்று. தாராவியை ஒட்டிய மாதுங்கா லேபர் கேம்ப்பிலே ஒரு காலத்தில் மராத்திய மக்கள் பாடகரான ஷாஹிர் அண்ணாபாவ் சாட்டே டஃப் வாத்தியத்தோடு பாடினார்; 1944-இல் அவரும் அமர் ஷேக்கும் கவாண்கரும் அமைத்த லால் பாவ்டா கலாபதக் என்னும் கலைக்குழு, தொழிலாளர்களின் துயரங்களைப் போவாடா என்னும் மராத்தியக் கதைப்பாட்டாகப் பாடிற்று. அங்கே பின்பாட்டுக்காரர்கள் 'ஜீ ஜீ' என்று வாங்கிப் பாடுவதைக் கேட்டால், நம்முடைய 'ஆமா' நினைவுக்கு வராமற் போகாது.

சில ஆண்டுகளுக்கு முன் தாராவியில் ஒரு கொடையிலே முத்துப்பட்டன் கதை பாடக் கேட்டேன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளை மணப்பதற்காகப் பூணூலைக் களைந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட அந்தணனின் கதை அது. காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாகத் தெய்வமாகி நிற்கும் அவனுக்குப் பக்தர்கள் இன்றும் செருப்பையே காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். தோல் வேலை செய்து காய்த்துப்போன கைகள் நிறைந்த அந்தச் சபையிலே கதை கல்யாணம் வரைக்கும் வந்தபோது, மணி பத்தாகிவிட்டது. வாழ்த்துப் பாடி, வில்லை அவிழ்த்தார்கள்.

"அண்ணாச்சி, பட்டன் மாடு மீக்கப் போனது வரலியே?" என்றாள் ஒரு கிழவி.

"உக்காரு ஆச்சி, வாயாலயே சொல்லுதேன்" என்று அண்ணாவி படியிலே அமர்ந்தார். வில்லுமில்லை, உடுக்கையுமில்லை, மைக்குமில்லை. மாடு திருடர்களை எதிர்த்துப் பட்டன் மாண்டதையும், இரு மனைவியரும் சிதையேறியதையும் தாழ்ந்த குரலிலே அவர் சொல்லி முடித்தபோது மணி பதினொன்றரை. அதன் பிறகுதான் அந்தக் கிழவி முந்தானையில் முடிந்திருந்த காணிக்கையை அவிழ்த்து அவர் கையில் வைத்தாள்.