கடலுக்கடியில் ஓடிய சிங்கப்பூர் மரப்பால்

பல் மருத்துவரிடம் ரூட் கெனால் செய்துகொண்டவர்கள் கவனித்திருக்கலாம். வேரைக் குடைந்து சுத்தம் செய்தபின், நுனி கூர்ந்த இளஞ்சிவப்புக் குச்சிகளை உள்ளே செருகி அடைப்பார். சிராங்கூன் சாலை கிளினிக்கானாலும் சென்னை கிளினிக்கானாலும் பெரும்பாலும் இதுதான் முறை. அந்தக் குச்சியில் இருப்பது கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். சிங்கப்பூர், மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளின் சொத்து. ஒரு காலத்தில் கண்டங்களைத் தந்தியால் இணைத்ததும் இதே பால்தான்.

1842இல் சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரியின் கண்ணில் ஒரு மலாய்த் தொழிலாளியின் பாராங் கத்தி பட்டது. அதன் பிடி மரத்தாலும் ஆனதல்ல, கொம்பாலும் ஆனதல்ல. விசாரித்தார். வெந்நீரில் முக்கினால் இளகும், வேண்டிய வடிவத்தில் பிடித்து ஆறவிட்டால் கெட்டியாகிவிடும் என்றார்கள். மருத்துவக் கருவிகள் செய்ய உதவுமே என்று அவர் மறு ஆண்டு லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். ஆனால் அதற்குப் பெரிய வேலை வேறு இடத்தில் காத்திருந்தது.

தரையில் தந்தி ஓடத் தொடங்கிவிட்ட காலம் அது. கம்பியைத் தண்ணீரில் போட்டால் மட்டும் மின்சாரம் கசிந்துவிடும். கட்டாபெர்ச்சா மின்சாரத்தைக் கடத்தாது; உப்பு நீரில் கெடாது; கடலடிக் குளிரும் அழுத்தமும் அதற்கு ஒத்துப்போகும். 1847இல் ஜெர்மனியின் வெர்னர் சீமன்ஸ், கம்பியைச் சுற்றி அதை இடைவெளியில்லாமல் பூசும் இயந்திரத்தை வடிவமைத்தார். 1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே போட்ட கேபிளை மறுநாளே ஒரு மீனவர் அறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். இரும்புக் கம்பிகளால் கவசம் போட்டு, 1851இல் மீண்டும் போட்ட கேபிள் நிலைத்தது. 1870–71இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கடலடித் தந்தியால் இணைந்தன. கப்பலில் நாள்கணக்கில் வந்த செய்தி மணிக்கணக்கில் வந்து சேர்ந்தது.

கடல்நீர் கட்டாபெர்ச்சாவை ஒன்றும் செய்யாது என்பதற்குச் சுவையான சான்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியக் கடற்கரைகளில் 'ஜிபெதிர்' என்ற பெயர் பொறித்த கட்டாபெர்ச்சாப் பலகைகள் ஒதுங்கின. அது ஜாவாவில் இருந்த கட்டாபெர்ச்சாத் தோட்டத்தின் பெயர். 1917இல் மூழ்கிய ஒரு ஜப்பானியக் கப்பலின் சரக்கு என்று கருதப்படுகிறது. நூறாண்டுக்குப் பிறகும் எழுத்து அழியவில்லை.

இந்தக் கேபிள்களுக்கு விலை கொடுத்தவை மரங்கள். கட்டாபெர்ச்சா மரத்தில் பால் ஒன்றோடொன்று சேராத சிறு பைகளில் தேங்கியிருக்கும். பட்டையைக் கீறினால் கொஞ்சம் கசிந்து அங்கேயே உறைந்துவிடும். அதனால் மரத்தையே சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டி எடுத்தார்கள். ஒரு மரத்துக்குச் சில நூறு கிராம் கிடைத்தாலே அதிகம். முதல் அட்லாண்டிக் கேபிள் ஒன்றுக்கே சுமார் 300 டன் தேவைப்பட்டது. எத்தனை லட்சம் மரங்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்! சிங்கப்பூர்க் காடுகளில் சில பத்தாண்டுகளிலேயே பெரிய மரங்கள் அரிதாகிவிட்டன.

வேதியியலில் கட்டாபெர்ச்சாவுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: ரப்பர். இரண்டும் ஐசோபிரீன் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிதான். ரப்பரில் சங்கிலியின் வளைவுகள் ஒரே பக்கமாக அமைவதால் அது சுருண்டு கிடக்கிறது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கட்டாபெர்ச்சாவில் வளைவுகள் பக்கம் மாறி மாறி வருவதால் சங்கிலிகள் நேராகி, நெருக்கமாக அடுக்கிக்கொண்டு இறுகுகின்றன.

ரப்பர் மரத்தின் பால்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரு கீறலுக்கே பால் மங்கு நிறையும் அளவுக்கு ஓடும். 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் பூமலைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888இல் அங்கே பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பால் வெட்டும் முறையைக் கண்டறிந்தார். மலாயா முழுக்கத் தோட்டங்கள் எழுந்தன. விடியுமுன் உளியும் வாளியுமாகப் பால்மரக் காட்டுக்குள் இறங்க ஆயிரமாயிரம் தமிழர்கள் கப்பலேறினார்கள். மலாயாத் தமிழரின் வரலாறு மரப்பட்டைக்குள் ஓடும் குழாய்களின் அமைப்போடு பிணைந்தது.

1933இல் இங்கிலாந்தில் தற்செயலாகப் பிறந்த பாலிஎதிலீன், பின்னர் கடலடிக் கேபிள்களில் கட்டாபெர்ச்சாவின் இடத்தைப் பிடித்தது. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே திறக்கப்பட்ட 3,200 கிலோமீட்டர் ஒளியிழைக் கேபிளுக்கு எந்த மரத்தையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. பிளாஸ்டிக்கைத் திட்ட நமக்கு ஆயிரம் காரணம் இருந்தாலும் இந்தப் புண்ணியத்தை அதன் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் கட்டாபெர்ச்சா மரம் இன்னும் இருக்கிறது. அடையாளம் எளிது: ரப்பருக்கு ஒரு காம்பில் மூன்று இலை; இதற்குக் கிளை நுனியில் கொத்தாகத் தனித்தனி இலைகள். மேலே கரும்பச்சை, திருப்பிப் பார்த்தால் தங்கப் பழுப்பு.