ரீங்காரச் சிட்டுக்குச் சீனித் தண்ணீர்

நம் வீட்டுச் செம்பருத்தியில் தொற்றிக்கொண்டு தேன் குடிக்கும் குட்டிப் பறவையை ‘ஹம்மிங்பேர்ட்’ என்று சிலர் சொல்வதுண்டு. அது தேன்சிட்டு. ஹம்மிங்பேர்ட், அதாவது ரீங்காரச் சிட்டு, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது.

கோடையில் கனடாவிலும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் காணப்படும் செந்தொண்டை ரீங்காரச் சிட்டின் எடை ஏறக்குறைய 3 கிராம்தான். நொடிக்குச் சுமார் 50 முறை சிறகடித்து அந்தரத்தில் நிற்கும். இத்தனை ஆற்றலைச் செலவிடுவதால் பகல் முழுவதும் அடிக்கடி சாப்பிட்டே ஆகவேண்டும். அதைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் அங்குள்ளவர்கள் தோட்டத்தில் சீனித் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிடுகிறார்கள்.

கலவை எளிது. 1 பங்கு வெள்ளைச் சீனி, 4 பங்கு தண்ணீர். வெள்ளைச் சீனி என்பது சுக்ரோஸ். இந்தப் பறவை நாடும் பூக்களின் தேனிலும் பெரும்பாலும் அதுவே இருக்கிறது. தேன் சத்தானதாயிற்றே என்று அதைக் கரைத்து வைத்தால் ஆபத்து. கெட்டியான தேன் எளிதில் கெடாது. தண்ணீர் சேர்ந்ததும் நுண்ணுயிர்களும் பூஞ்சையும் அதில் மளமளவென்று பெருகும். பழுப்புச் சீனியில் இரும்புச்சத்து உண்டு. அதுவும் இந்தப் பறவைக்கு ஆகாது. சிவப்புச் சாயம் எதற்கு? புட்டியின் சிவப்பு மூடியே போதும், சிட்டு தேடி வந்துவிடும்.

சரியான கலவையும் வெயிலில் புளித்துவிடும். வெப்பமான நாட்களில் தினமும், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், பழையதைக் கொட்டிவிட்டுப் புட்டியை வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் புட்டியைத் தொங்கவிடாமல் இருப்பதே மேல்.

சீனியில் புரதம் இல்லை. அதற்காகச் சிட்டு சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துத் தின்கிறது. ஆகவே, புட்டி தொங்கும் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது.