குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் ஏன் இவ்வளவு ஆபத்து?

வயிறு சரியில்லை என்றால் நாம் வாந்தி எடுத்துவிடுவோம். குதிரையால் அது முடியாது! உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை, ஒருவழிக் கதவுபோல இறுக மூடிக்கொள்ளும். 'கோலிக்' எனப்படும் வயிற்றுவலி குதிரையின் உயிருக்கே ஆபத்தாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாயு சேர்வது, தீவனம் அடைத்துக்கொள்வது, மணல் தேங்குவது, குடல் முறுக்கிக்கொள்வது என இதில் பல வகை. குடல் முறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபடும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவை. திடீர் தீவன மாற்றம், தண்ணீர் குறைவு, குடற்புழு ஆகியவை முக்கியக் காரணங்கள்.

குதிரை முன்காலால் தரையைக் கீறுகிறதா, விலாவைத் திரும்பிப் பார்க்கிறதா, படுத்துப் புரள்கிறதா? தீவனத்தை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

மாடு வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். பொங்கலன்று ஆசையாகச் சோற்றை அள்ளிக் கொடுத்தால், வயிற்றில் அமிலம் கூடி மாட்டின் உயிரே போகலாம்.