பேய்க் கதை எழுதிய 18 வயதுப் பெண்

பேயைப் பற்றி ஒரு பெண் பாடுவாரா?

பாடினார் ஒருவர். அவர் காரைக்காலில் பிறந்த புனிதவதி.

கணவன் பிரிந்து போனதும், "இந்த அழகு யாருக்கு?" என்று அதை உதறினார். பேய் உருவம் வேண்டும் என்று சிவபெருமானிடம் கேட்டுப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். அவரோ திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். கள்ளியும் நரியும் பிணத் தீயும் அந்தப் பாட்டில் வரும்.

அவரே காரைக்கால் அம்மையார்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், ஐரோப்பாவில் ஒரு பெண் பேய்க் கதை எழுத உட்கார்ந்தார். அவர் பெயர் மேரி.

கோடை வராத ஆண்டு

மேரி 1797-ல் லண்டனில் பிறந்தார். பிறந்த 11-ம் நாள் தாய் இறந்தார். அந்தத் தாயும் பெண்களின் உரிமைக்காகப் புத்தகம் எழுதியவர்தான்.

16 வயதில் மேரி, கவிஞர் ஷெல்லியுடன் வீட்டை விட்டுப் போனார். ஷெல்லி ஏற்கெனவே மணமானவர். மேரியின் தந்தை முகம் கொடுத்துப் பேசவில்லை. மறு ஆண்டு பிறந்த முதல் குழந்தை சில நாட்களில் இறந்தது.

1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மறைத்தது. 1816-ல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, ஓயாத மழை!

ஜெனீவா ஏரிக்கரையில் ஷெல்லியும் மேரியும் நண்பர்களும் வீட்டுக்குள் அடைபட்டார்கள். "ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவோம்" என்றார் கவிஞர் பைரன்.

அப்போது இங்கிலாந்தில் அந்த வகைக் கதைகளுக்கு மோகம் இருந்தது. பாழடைந்த கோட்டை, இருண்ட சுரங்கம், நள்ளிரவு அலறல் - இவற்றைக் கொண்ட கதைகளைக் 'கோதிக்' கதைகள் என்பார்கள். ஆன் ராட்கிளிப் என்ற பெண்மணி அவற்றை எழுதிப் பெரும் புகழ் பெற்றிருந்தார்.

மேரி கோட்டையை நாடவில்லை. விஞ்ஞானத்தை எடுத்துக்கொண்டார்.

எழுத்துக் கற்ற பூதம்

பிராங்கன்ஸ்டைன் என்ற மாணவன் பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்கிறான். அது கண் திறக்கிறது. செய்தவனே பயந்து ஓடுகிறான்!

அந்த உருவம் ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டருகே ஒளிந்து வாழ்கிறது. இரவில் யாருக்கும் தெரியாமல் அவர்களுக்கு விறகு வெட்டிப் போடுகிறது. அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பேசக் கற்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கற்கிறது.

ஒருநாள் அங்கிருந்த கண் தெரியாத கிழவரிடம் போய்ப் பேசுகிறது. கிழவர் அன்பாகப் பேசுகிறார். கண் உள்ளவர்கள் வந்து அடித்து விரட்டுகிறார்கள்!

அதன்பிறகுதான் அது கொலை செய்யத் தொடங்குகிறது.

பெயர் இல்லாத புத்தகம்

1818-ல் 'பிராங்கன்ஸ்டைன்' வெளிவந்தது. 500 பிரதிகள். ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரை எழுதிய ஷெல்லியே கதையையும் எழுதியிருப்பார் என்று பலர் எண்ணினார்கள். 1823-ல் லண்டனில் வந்த அடுத்த பதிப்பில்தான் மேரியின் பெயர் அச்சாயிற்று.

அதற்குள் அவர் விதவை. 1822 ஜூலையில் இத்தாலியக் கடலில் ஷெல்லியின் படகு புயலில் கவிழ்ந்தது. பல நாள் கழித்து உடல் கரை ஒதுங்கியது. கடற்கரையிலேயே தகனம் செய்தார்கள். மேரிக்கு வயது 24.

படகு திரும்பாத வீட்டின் துயரத்தைக் கருக்களாச்சேரி மீனவக் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெற்ற நான்கு பிள்ளைகளில் ஒரு மகனே எஞ்சினான். மேரி மறுமணம் செய்துகொள்ளவில்லை. பேனாவை நம்பி மகனை வளர்த்தார். கணவரின் கவிதைகளையும் தொகுத்து வெளியிட்டார். 1851-ல் காலமானார்.

பிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது செய்தவனின் பெயர். பூதத்துக்கு அவன் பெயரே வைக்கவில்லை.

பேய் உருவத்தோடு கயிலைக்குச் சென்ற புனிதவதியை இறைவன் "அம்மையே" என்று அழைத்தார். காரைக்காலில் ஆண்டுதோறும் அவருக்கு மாங்கனித் திருவிழா நடக்கிறது.

மேரியின் பூதத்தை மகனே என்று அழைக்க ஒருவரும் இல்லை.